பதினோரு சுற்று

5

சேலத்திலிருந்து வந்திருந்த துப்பறியும் அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார், கோணிச் சாக்கை விரித்தார், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். ஸ்தனிஸ்லாஸ் பதறிப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்தைந்து வருடமாக ஏற்காட்டில் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவர் அவர். வண்டிக்கு அடியிலிருந்து சேலைக்கரை எட்டிப் பார்ப்பதைக் கண்டது இதுதான் முதல் தடவை.

"சங்கடப்படாதீங்க மேஸ்திரி," என்றான் சித்தன். "போன வாரம் ஒரு கேசுக்கு டீச்சர் கெணத்துக்குள்ளயே எறங்குனாங்க. இது அவுங்களுக்குப் பாய் விரிச்சுப் படுத்த மாதிரி."

"சித்தா, டார்ச்சு," என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

தேவகுமாரி பதினெட்டு வருடம் மிஷன் பள்ளியில் கைவேலை டீச்சராக இருந்தவர். தையல், பின்னல், முடிச்சு. பள்ளியில் காணாமல் போன ஒரு வெள்ளிக் கோப்பையை, அதைச் சுற்றிக் கட்டியிருந்த நூலின் முடிச்சை வைத்தே கண்டுபிடித்துக் கொடுத்தார். அதில் தொடங்கியது, இப்போது செவ்வாய்பேட்டையில் பலகை மாட்டித் துப்பறிகிறார். உதவிக்கு இருக்கும் சித்தன், ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாயை மூடாததால் வேலை போனது என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஸ்தனிஸ்லாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். வண்டியில் வேறு யாரோ கை வைத்தார்கள் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் சரி, இல்லாவிட்டால் அஜாக்கிரதையால் ஓர் ஆளை முடமாக்கியதாக அவர் பேரில் கேஸ் எழுதுவதாக இன்ஸ்பெக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கேஸ் எழுதினால் பட்டறைக்குப் பூட்டு. அதற்குப் பிறகு இந்த மலையில் எவனும் ஒரு சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட அவரிடம் வர மாட்டான்.

எல்லாம் இந்தத் தவளையால் வந்தது.

மூன்று வருடமாக, ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும், தோட்டக்காரர்கள் கிளப் ஒரு பந்தயம் நடத்துகிறது. ரோட்டில் அல்ல. காப்பித் தோட்டத்துச் சரிவு, பாறை, சேறு, ஓடை எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்குகிற நாலு சக்கர வண்டிகளுக்கு. யாரோ ஒரு முதலாளி வெளிநாட்டிலிருந்து அப்படிப்பட்ட வண்டியின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். கடையில் கிடைக்காத சாமான் என்பதால் ஆளுக்கொன்றாகச் செய்துகொண்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் செய்ததற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தவளை. புல்லட் இன்ஜின், குழாயை வளைத்துப் பற்றவைத்த உடம்பு, குண்டுக் குண்டாய் நாலு டயர்.

மற்ற வண்டிகள் கல்லைக் கண்டால் துள்ளும். தவளை கல்லை விழுங்கிவிட்டுப் போகும். சூட்சுமம் சஸ்பென்ஷனில் இருந்தது. முன் சக்கரம் ஒவ்வொன்றையும் நீளமான இரும்புக் கையில் மாட்டி, புல்லட் ஷாக் அப்சார்பரைச் சாய்த்துப் பொருத்தியிருந்தார். சக்கரம் ஒரு சாண் மேலே ஏறும், ஒரு சாண் கீழே இறங்கும். ஆனால் வண்டி அந்தரத்தில் போகும்போது சக்கரம் அளவுக்கு மேல் தொங்கிவிட்டால், ஷாக் அப்சார்பர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதைத் தடுக்க, லாரி டியூபை நீள வாராக அறுத்து, இரும்புக் கையையும் வண்டி உடம்பையும் சேர்த்துப் பதினோரு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். பத்து என்றால் தொங்கும். பன்னிரண்டு என்றால் விறைக்கும். இரண்டு மழைக்காலம் விழுந்து எழுந்து அவர் கண்டுபிடித்த அளவு அது.

போன ஞாயிற்றுக்கிழமை செம்மநத்தம் சரிவில் சோதனை ஓட்டம். ஓட்டியவன் பொன்னுவேல், வாழவந்திப் பையன், வயது இருபத்து நாலு. முதல் சுற்று நன்றாகப் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது சுற்றில் கற்படியில் வண்டி எழும்பியபோது இடது வார் அவிழ்ந்து, சக்கரம் மடங்கி, தவளை அவன் மேலேயே கவிழ்ந்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. அறுத்த தடயம் எதுவும் இல்லை. கட்டியவன் ஒழுங்காகக் கட்டவில்லை என்று கிளப் கமிட்டி ஒரே வரியில் முடித்துவிட்டது.

ஸ்தனிஸ்லாஸ்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நர்ஸ் நீட்டிய பாரத்தில் 'உறவு' என்ற இடத்தில், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 'தம்பி' என்று எழுதினார்.

"மேஸ்திரி, இடது வார் அவுந்து கெடக்கு. வலது வார் இன்னும் கட்டுனபடியே இருக்கு," என்றார் டீச்சர். "இது உங்க கட்டா?"

"இல்லீங்க டீச்சர். நாலு நாளா அதைத்தான் தொண்டை வத்தச் சொல்றேன். நாங் கட்டுனா நுனிய உள்ள திருப்பிச் சொருகி, மேல கட்டுக்கம்பி போட்டுக் குறட்டால முறுக்கிருவனுங்க. கட்டும் வேற, கம்பியும் இல்ல."

"கமிட்டி என்ன சொல்லுது?"

"கம்பி போட மறந்துட்டு இப்பப் பேச்சை மாத்தறேங்குது."

டீச்சர் அந்த முடிச்சை விரலால் இழுத்தார். கொஞ்சம் கொடுத்து நின்றது. மறுபடி இழுத்தார். இன்னும் கொஞ்சம் கொடுத்து நின்றது.

"விசித்திரமா இருக்கே. இது அவுர்ற கட்டு இல்ல, நெகிழ்ற கட்டு. பிடிச்சுக்கிட்டே இடம் குடுக்குது."

"எங்க டிப்போ மேனேஜர் லீவு குடுக்கற மாதிரி," என்றான் சித்தன்.

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினார். டீச்சர் அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். "அவுக்காதீங்க. அறுங்க. முடிச்சு முழுசா எனக்கு வேணும்." கைப்பையிலிருந்து பழைய தையல் கத்தரியை எடுத்து, முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளி அவரே வெட்டினார். பிறகு வாரைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டே எண்ணினார்.

"எத்தனை சுத்துச் சுத்துவீங்க?"

"பதினொண்ணு."

"இதுவும் பதினொண்ணு."

டீச்சர் வெளியே வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தார். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. "பதினொண்ணுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பொன்னுவேலுக்குத் தெரியும். வேற ஒருத்தருக்குந் தெரியாதுங்க." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "வந்தவன் எண்ணிப் பாத்துட்டுக் கட்டியிருப்பான். வெள்ளக்கடை எஸ்டேட் முதலாளி மவன் இருக்காரே, பாலசுப்பிரமணியம், ரெண்டு வருசமா எங்ககிட்டத் தோத்தவரு. அவரு ஆளுங்கதான் செஞ்சிருக்கணும்."

"டீச்சர்," என்றான் சித்தன் வாசலிலிருந்து. பட்டறைக்கு எதிரே நின்ற சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து பீடி பற்றவைக்கப் போனவன், பற்றவைக்காமல் நின்றான். "அந்த முடிச்சைக் கொண்டாங்க."

மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அவன் தோள் உயரத்தில் கொடியை மரத்தோடு சேர்த்து ஒரு நார்க்கட்டு. டீச்சர் கையிலிருந்த ரப்பர் முடிச்சை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கட்டு.

"பாத்தீங்களா, பஸ்சுல பத்து வருசம் தொங்குனவனுக்கு மரத்துல தொங்கறது கண்ணுல படும்," என்றான் சித்தன்.

*

ஜீப்பை ஸ்தனிஸ்லாஸே ஓட்டினார். வாழவந்தி தாண்டி, ஒரு எஸ்டேட்டில், மழைக்கு முன்னால் கொடி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள், மரத்துக்கு மரம் ஏணி. கட்டு வேலைக்குத் தலைவி பாவாயி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஏணியில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, போலீசுங்களா?"

"போலீசுன்னா இந்நேரம் காப்பி கேட்டிருப்போமுங்க," என்றான் சித்தன். "எறங்கி வாங்க. ஒரு முடிச்சப் பத்தி உங்ககிட்டப் பாடம் கேக்கணும்."

பாவாயி இறங்கி வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் முடிச்சை வாங்கினாள்.

"இது கொடிக்கட்டுங்க. ரப்பருல எவன் கட்டுனான், கிறுக்கன்."

"இறுக்கமா நிக்கலையே?"

"இறுக்கிக் கட்டுனா கொடி செத்துப்போயிருமுங்க. கொடி வருசாவருசம் பருக்குமல்ல. அது பருக்கப் பருக்கக் கட்டு எடங் குடுக்கணும். கொடியவும் உடக்கூடாது, கழுத்தையும் நெரிக்கக்கூடாது. எங்க சனத்துல பொறந்தா நடக்கறதுக்கு முன்னால இந்தக் கட்டுத்தான் கைக்கு வரும். தூக்கத்துல கட்டச் சொன்னாலும் இதத்தான் கட்டுவோம்."

ஸ்தனிஸ்லாஸுக்கு மனசு லேசாயிற்று. "பாத்தீங்களா டீச்சர். வெள்ளக்கடை எஸ்டேட்டுலயும் மெளகு இருக்கு. கட்டறதுக்கு அங்கயும் நூறு பேரு இருக்காங்க."

டீச்சர் பாவாயியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், வழியில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் பார்ப்பது போல. பிறகு சிரித்தாள்.

"அட, இது நம்ம ஆராயி மவன் கட்டாச்சுங்களே."

ஸ்தனிஸ்லாஸ் அவள் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். ஆராயி மகன் என்றால் பொன்னுவேல்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் டீச்சர், மெதுவாக.

"நாங்கல்லாம் வலப்பக்கம் போட்டு இழுப்போம். இது எடப்பக்கம் போட்டிருக்குது பாருங்க. பொன்னுவேலு எடக்கையன். எட்டு வயசுலேர்ந்து எங்கூடத்தான் கட்டுனான். அவங் கட்டுன கொடிய அவுக்கறதுன்னா எனக்கு எப்பவும் ரெண்டு தடவ கை தடுமாறும். இந்தத் தோட்டத்துல அவன் ஒருத்தந்தான் இப்படி." அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "காலு எப்படிங்க இருக்குது அவனுக்கு? பாவம், நல்ல புள்ளைங்க."

"நல்லாகிட்டு வருதுங்க," என்றார் ஸ்தனிஸ்லாஸ். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

*

ஜீப் பாதி தூரம் வந்ததும் அவர் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"டீச்சர், கொஞ்சம் ரோசனை பண்ணிச் சொல்லுங்க. தான் ஏறி ஓட்டற வண்டிய எவனாவது தானே கவுத்துக்குவானா?"

"மாட்டான். கவுக்கறதுக்காக யாருமே கட்டல மேஸ்திரி. அங்கதான் நாம எல்லாரும் தப்பு பண்ணுனோம்."

"புரியலீங்க."

"கெடுக்க வந்தவனா இருந்தா மூணு சுத்துச் சுத்திட்டு ஓடியிருப்பான். இவன் பொறுமையா உக்காந்து பதினொண்ணு சுத்தியிருக்கான். வண்டி சரியா ஓடணும்னு நெனச்சவன்தான் எண்ணிச் சுத்துவான். கட்டுனவன் எதிரி இல்ல. அவுத்ததை இருந்தபடியே திருப்பி வெக்கணும்னு பாத்திருக்கான். கை மட்டும் அது பழகுன கட்டைக் கட்டிருச்சு."

"அப்ப எதுக்கு அவுத்தான்?"

டீச்சர் அவரைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் எழுந்து சொல்லாத பிள்ளைகளை அப்படித்தான் பார்த்திருப்பார் போல. "ஒரு சாமானை எதுக்கு மேஸ்திரி பிரிப்பாங்க? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அளவெடுக்க.

அவர் இன்ஜினை அணைத்தார். சித்தன் பின் சீட்டிலிருந்து இறங்கி வந்து, அவரை நகர்ந்து உட்காரச் சொல்லி, ஸ்டியரிங்கைப் பிடித்தான். அடுத்த மூன்று மைலுக்கு அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் பொன்னுவேலின் அம்மா ஆராயி உட்கார்ந்திருந்தாள். ஸ்தனிஸ்லாஸைக் கண்டதும் எழுந்துகொண்டாள்.

"எம் புள்ள கால வாங்குனது பத்தலையா? ஊட்டுக்கு வந்து எங் கையால சோறு தின்ன மனுசன்தானே நீ. தம்பி தம்பின்னு கூப்புட்டுக் கூப்புட்டே குழி வெட்டிட்டயே."

நாலு நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு நாளும் தலையைக் குனிந்துகொண்டு போனார், இன்றும் அப்படியே போனார். ஆனால் இன்று அந்த வார்த்தைகள் வேறு இடத்தில் குத்தின. உள்ளே படுத்திருக்கிறவனுக்கும் இது கேட்டிருக்கும். நாலு நாளும் கேட்டிருக்கும்.

"வாங்கண்ணா," என்றான் பொன்னுவேல். மாவுக்கட்டுப் போட்ட கால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. "அம்மா எதாச்சும் சொல்லுச்சுங்களா? மனசுல வெச்சுக்காதீங்க. உங்க மேல தப்பு இருக்காதுன்னு நாந்தான் சொல்லிட்டே இருக்கறேன்."

"இருக்காதுன்னு சொன்னியா, இல்லேன்னு சொன்னியா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அவன் விழித்தான். டீச்சர் நடுவில் புகுந்து, வழியில் வாங்கிய ஆரஞ்சுப் பையை அவன் மடியில் வைத்தார். "பை வாய் பிரிஞ்சு கெடக்கு கண்ணு. இந்தத் துணியால ஒரு கட்டுப் போட்டுத் தா. எங் கையில வாதம்."

சித்தன் ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டான்.

பொன்னுவேல் துணி நாடாவை இடது கையில் எடுத்தான். ஒரு சுற்று, ஒரு மடிப்பு, இடப்பக்கம் ஓர் இழுப்பு. கண் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, கை அதன் வேலையைத் தானாகச் செய்துகொண்டிருந்தது. டீச்சர் கைப்பையைத் திறந்து, அறுத்துக்கொண்டு வந்த ரப்பர் முடிச்சை அந்தப் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவன் இரண்டையும் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"எப்ப?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"சனிக்கெழம மத்தியானங்க. நீங்க கல்யாணத்துக்குச் சேலம் போயிருந்தீங்க."

"பட்டறைக்கு நாங் குடுத்த சாவி."

"ஆமாங்க."

"யாருக்கு?"

"வெள்ளக்கடை சின்ன முதலாளிக்குங்க. பந்தயம் முடிஞ்சதும் எஸ்டேட்டுல பெர்மனென்ட் டிரைவரு வேல போட்டுத் தர்றேன்னாரு. சஸ்பென்ஷன் எப்படின்னு காட்டுனாப் போதும்னாரு. ஒரு மணி நேரந்தாங்கண்ணா. அளந்து எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. நானு அத்தனையும் இருந்தபடியே வெச்சேன். பதினோரு சுத்தும் எண்ணித்தான் சுத்துனேன். கம்பி மட்டும் முறிஞ்சு போச்சு. ரப்பரு தானே, இறுகிக்கும்னு நெனச்சேன்."

"வார் அவுந்ததாலதான் வண்டி கவுந்துச்சுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொன்னுவேல் ஆரஞ்சுப் பையின் கட்டை நகத்தால் நெருடினான்.

"சாமி, கேக்கறாரல்ல," என்றார் டீச்சர்.

"ஞாயித்துக்கெழம ராத்திரியே தெரியுங்க. கமிட்டிக்காரங்க வந்து சொன்னாங்க."

ஞாயிறு ராத்திரி. ஸ்தனிஸ்லாஸ் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாள் கஞ்சி கொண்டுவந்து, ஊட்டிவிட்டு, மூத்திரப் பாத்திரம் எடுத்து வைத்து, எவன் எவனையோ சந்தேகப்பட்டு, இவனிடமே வந்து புலம்பினார். இவனும் ஆமாங்கண்ணா, எவனோ செஞ்சுட்டானுங்கண்ணா என்று கேட்டுக்கொண்டிருந்தான். சஸ்பென்ஷனைக் காட்டிக்கொடுத்ததுகூடப் போகட்டும். இரும்புதானே. அந்த 'ஆமாங்கண்ணா'வைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

போகலாம் என்று திரும்பினார். வாசல் வரை போனவர் நின்றார். இருபத்தைந்து வருட மெக்கானிக் மூளை, மனசு உடைந்து கிடந்தபோதும் அதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

"சின்ன முதலாளி வண்டியில வாரு யாரு கட்டுனது?"

பொன்னுவேல் போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அங்கயும் நீதானே."

"சனிக்கெழம ராத்திரி போயி... அவுங்க பட்டறையில பத்து ஆளுங்க ராவோட ராவா செஞ்சு முடிச்சாங்க. வாரு ரெண்டு பக்கமும் நாந்தாங்க."

"அது நிக்காதுன்னு தெரிஞ்ச பொறவும் அந்தப் பையனுக்குச் சொல்லல."

"சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாருங்கண்ணா. எல்லாந் தெரிஞ்சு போயிருமேன்னு..."

"அவுங்க ட்ரையல் எப்பங்க?" என்றான் சித்தன். முதல் தடவையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"இன்னைக்கு. நாலு மணிக்கு. அதே சரிவுல."

சுவரில் மணி மூன்று இருபது.

*

செம்மநத்தம் ரோடு ஒரு ஜீப்பின் அகலம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் காப்பிச் செடிக்குள் போக வேண்டும். சித்தன் எதிரே வந்த மூன்று வண்டிகளையும் காப்பிச் செடிக்குள் அனுப்பினான்.

"பிடிச்சு உக்காருங்க டீச்சர். இந்த பஸ் நடுவுல எங்கயும் நிக்காது."

சரிவின் உச்சியில் கூட்டம் நின்றது. புதுச் சிவப்புப் பெயிண்ட் அடித்த வண்டியில், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பாலசுப்பிரமணியம் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது, மீசை இன்னும் முழுதாக அடரவில்லை. ஸ்தனிஸ்லாஸ் முதலில் பார்த்தது அவனையல்ல, சக்கரத்தை. அவருடைய இரும்புக் கை, அவருடைய சாய்வு, அவருடைய ஒரு சாண். ஒரு நூல் பிசகாமல் செய்திருந்தார்கள். திருட்டுப் போன பிள்ளையை வேறொருத்தி இடுப்பில் பார்த்த மாதிரி இருந்தது.

வண்டி உறுமியது. அவர் நேராகப் போய் அதன் முன்னால் நின்றார்.

"மேஸ்திரி, நகருங்க," என்றான் பாலசுப்பிரமணியம். முகம் சிவந்துவிட்டது. "உங்க வண்டி கவுந்துச்சுன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"இன்ஜின அமத்துங்க தம்பி. மூணாவது தடவ அந்தப் படியில எறங்கறப்ப நீங்களும் கவுருவீங்க. உங்க வாரையும் அவந்தான் கட்டியிருக்கான்."

"எவன்?"

"நீங்க வேல தர்றேன்னு சொன்னீங்களே, அவன்."

டீச்சர் வண்டியின் முன்புறம் குனிந்து, வலது பக்க முடிச்சை ஒரு தடவை இழுத்துக் காட்டினார். அது கொடுத்தது. மறுபடி இழுத்தார். மறுபடி கொடுத்தது. பாலசுப்பிரமணியம் அதைப் பார்த்தான், பிறகு கீழே கற்படியைப் பார்த்தான். தவளையின் இடது டயர் உழுத தடம் சேற்றில் இன்னும் அழியாமல் இருந்தது. அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

"அவுக்காதீங்க, அறுங்க," என்றார் டீச்சர், கத்தரியை நீட்டி.

இரண்டு முடிச்சுகளும் முழுசாக வந்தன. டீச்சர் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துணித்துண்டைத் தைத்து, தேதியும் இடமும் எழுதி, கட்டியவன் யார் என்று எழுதச் சொல்லிப் பாலசுப்பிரமணியத்திடம் நீட்டினார். அவன் மறுபடி அந்தப் படியைப் பார்த்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"முடிஞ்சுது. வாங்க மேஸ்திரி, நாலேகால் ஆச்சு," என்றான் சித்தன்.

ஸ்தனிஸ்லாஸ் வரவில்லை. கூட்டத்தில் யாரிடமோ டியூப் வார் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். சேற்றில் மண்டியிட்டு, இரும்புக் கையைப் பிடித்து, சுற்ற ஆரம்பித்தார். உதடு அசைந்தது. பதினொன்றில் நிறுத்தி, நுனியை உள்ளே திருப்பிச் சொருகி, மேலே கம்பியைப் போட்டுக் குறட்டால் முறுக்கினார். அடுத்த பக்கம் போனார். பாலசுப்பிரமணியம் வெட்கத்தோடு பக்கத்தில் வந்து குந்தினான்.

"நல்லாப் பாத்துக்குங்க," என்றார் அவர், நிமிராமல். "அவனால உங்களுக்குக் காட்ட முடியாம போனது இது ஒண்ணுதான்."

*

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்று முடிச்சுகளும் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் இருந்தன. இன்ஸ்பெக்டர் துணித்துண்டுகளைப் படித்தார், இரண்டு தடவை முடிச்சை இழுத்துப் பார்த்தார், நோட்டைப் பிரித்தார்.

"உங்க மேல கேஸ் இல்ல. வாக்குமூலம் மட்டும் குடுங்க. கட்டுனவன் பேரு?"

"பொன்னுவேல். தாயார் பேரு ஆராயி. வாழவந்தி."

"அவனை எத்தனை வருசமாத் தெரியும்?"

"ஆறு வருசம்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "ஆஸ்பத்திரிப் பாரத்துல தம்பின்னு போட்டிருக்கே. சொந்தமா? உறவு என்னன்னு எழுதட்டும்?"

வெளியே ஜீப்பில் சித்தன் எதற்கோ சிரிப்பது கேட்டது. ஸ்தனிஸ்லாஸ் மேஜை மேல் இருந்த முடிச்சைப் பார்த்தார். இன்னும் வாரை இறுகப் பிடித்திருப்பது போலவே இருந்தது.

"உறவெல்லாம் இல்லீங்க," என்றார். "என் வண்டிய ஓட்டுனவன்."